யார் பொருட்டு இந்தப் பதைப்பு?

அச்சம் மனிதனுக்குப் புதியதன்று. காட்டில் வாழ்ந்த காலந்தொட்டே அவன் அதனை அறிவான். ஆனால், கட்டணம் செலுத்தி, இருட்டறையில் வசதியாக அமர்ந்து, தன்னை ஒருபோதும் தீண்டமுடியாத ஓர் ஆபத்தின் பொருட்டு இரண்டரை மணி நேரம் நெஞ்சு பதைத்திருப்பது அண்மைக்காலத்து வழக்கம். உளவுப் படங்கள் இந்த வழக்கத்தை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்துவிட்டன. ஒற்றன் ஒருவன் பிறர் அறையில் நுழைந்து மேசையின் இழுப்பறையைத் திறக்கிறான். படிக்கட்டில் காலடி ஓசை கேட்கிறது. நமது கை நம்மையறியாமல் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றுகிறது. இந்தப் பதைப்பு முழுவதையும் கதை எழுப்பியதாகச் சொல்ல முடியாது. அதே கதையை ஒருவர் தேநீர்க் கடையில் நமக்குச் சொல்லியிருந்தால், கையிலுள்ள கோப்பையைக் கூட நாம் கீழே வைத்திருக்கமாட்டோம். கமரா நின்ற இடமும், ஒளி விழுந்த கோணமும், ஒலி எழுந்த கணமும் சேர்ந்தே நம்மை அவ்வாறு ஆட்டிவைத்தன.

இந்தத் தொழில்நுட்பங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் சாமர்த்தியத்தை வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். நாம் எழுப்ப விரும்பும் கேள்வி ஒழுக்கத்தைச் சார்ந்தது. நெஞ்சு பதைக்கும்பொழுது அது யார் பொருட்டுப் பதைக்கிறது? யாரைக் கண்டு பதைக்கிறது? அந்த ஆளைத் தெரிவு செய்தவர்கள் நாம்தானா, அல்லது நமக்காக வேறொருவர் தெரிவு செய்துவிட்டாரா? பிறர் தெரிவு செய்து தந்த சந்தேகத்தை நாம் இன்பமாக அனுபவிப்போமானால், அந்தச் சந்தேகத்தின் விளைவுகளில் நமக்கும் பங்கு உண்டா?

கேள்வி அந்தரத்தில் நிற்காதிருக்க, நமது நாட்டிலேயே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலேறும் பாதை, தேயிலையும் ஏலமும் மிளகும் விளையும் சரிவுகளைக் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவர்ஸ்டனை அடைகிறது. அங்கிருந்து பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் இலுக்கும்புரையையும் நோக்கி இறங்குகிறது. 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட மத்திய மலைநாட்டில் இந்த மலைத்தொடரின் காடும் அடங்கும். ரிவர்ஸ்டன் காற்றுக்குப் பேர்போன இடம். அதன் வேகத்தில் மரங்கள் குட்டையாகவும் முறுகியும் வளர்கின்றன. நல்ல பகலிலேயே மூடுபனி வந்து பாதையை மறைத்துவிட்டு, சற்று நேரத்தில் விலகிப் போகும். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. பனி, வளைந்தேறும் பாதை, இரைகின்ற காற்று, தனித்த கோபுரம் ஆகிய இவை யாவும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தை உளவுப் படம் எடுப்பவர் எவரும் விரும்பித் தெரிவு செய்வார்.

இந்தப் பாதையில், பொழுது சாயும் வேளையில், தோட்டத்து இளைஞன் ஒருவன் நடந்து வருவதாகக் கற்பனை செய்வோம். தோளில் ஒரு பை. அதில் நகரில் வாங்கிய அரிசியும் தாய்க்கு மருந்தும் இருக்கின்றன. கோபுரத்தை அண்மித்ததும் அவன் நிற்கிறான். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்கிறான். கொழும்பிலே வேலை செய்யும் தங்கையுடன் பேசவேண்டும். நிகழ்ச்சி இவ்வளவே.

முதலில் இதனை ஒருவிதமாகப் படம்பிடிப்போம். கமராவைப் பாதையின் நடுவில், இளைஞனின் கண்மட்டத்தில் வைப்போம். மிஞ்சியிருக்கும் பகல் வெளிச்சம் அவன் முகத்தில் விழட்டும். அவனுடைய மூச்சும், செருப்பின் ஓசையும், பையில் மருந்துப் போத்தல் குலுங்கும் ஓசையும் கேட்கட்டும். காட்சியை வெட்டாமல் அவனோடு சற்று நேரம் நடப்போம். பார்ப்பவர் உள்ளத்தில் என்ன தோன்றும்? இவன் இன்னும் எவ்வளவு தூரம் நடக்கவேண்டுமோ, பனி அடர்ந்தால் எப்படி வீடு சேர்வானோ என்ற கவலை தோன்றும். அச்சம் அப்பொழுதும் உண்டு. அது அவன் பொருட்டு எழும் அச்சம்.

இனி வேறொரு விதமாகப் படம்பிடிப்போம். கமராவைப் பாதையோரப் புதருக்குள் கொண்டுபோய், தொலைவிலுள்ளதை அருகே இழுத்துக் காட்டும் வில்லையைப் பொருத்துவோம். திரையின் முன்பகுதியில் இலைகள் மங்கலாக அசையும். அந்த இலைகள் பார்ப்பவருக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகின்றன: ஒருவர் மறைந்திருந்து பார்க்கிறார்; அந்த ஒருவர் நாமே. மறைந்திருந்து பார்க்கவேண்டிய ஆளாயின் அவன் சாதாரண ஆளாக இருக்கமுடியாது என்று மனம் தானாகவே முடிவு கட்டுகிறது. அதே வில்லை இடைத்தூரத்தைச் சுருக்கிவிடுவதால், எங்கோ நிற்கும் கோபுரம் அவன் முதுகோடு ஒட்டி நிற்பதுபோல் தோன்றும். வாகன விளக்கொன்றை அவனுக்குப் பின்னே எரியவிட்டால், மூடுபனி அந்த ஒளியை வாங்கி வெண்சுவராகும். அவன் முகம் அழிந்து, கறுத்த உருவம் மாத்திரம் மிஞ்சும். அதுவரை இரைந்துகொண்டிருந்த காற்றின் ஒலியைச் சட்டென்று நிறுத்திவிட்டு, காதுக்கு எட்டியும் எட்டாததுமான தாழ்ந்த முழக்கம் ஒன்றை ஒலிக்கவிடுவோம். பையைப் பற்றிய கை, கோபுரம், தொலைபேசியை அழுத்தும் கட்டைவிரல் ஆகிய மூன்றையும் தனித்தனியே திரை நிறையக் காட்டி அடுத்தடுத்து ஒட்டுவோம். இப்பொழுது அரங்கமே மூச்சை அடக்கிக் காத்திருக்கும். மருந்துப் போத்தல் வெடிகுண்டாகிவிட்டது. தங்கைக்குச் சொல்ல நினைத்த சுகசெய்தி சங்கேதமாகிவிட்டது.

இளைஞன் இரண்டு முறையும் செய்தது ஒன்றே. பொய்யான காட்சி எதுவும் சேர்க்கப்படவில்லை. பொய்யான சொல் எதுவும் பேசப்படவில்லை. இருந்தும், முதற்படத்தில் நாம் யார் பொருட்டு அஞ்சினோமோ, இரண்டாவது படத்தில் அவனைக் கண்டே அஞ்சினோம்.

இது ஏதோ மாயம் என்று கருதவேண்டியதில்லை. இதன் இயக்கத்தைச் சினிமாக் கலைஞர்கள் வெகு காலத்துக்கு முன்பே ஆராய்ந்து வைத்திருக்கின்றனர். சோவியத் இயக்குநர் குலெஷோவ் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த பரிசோதனையைப் பற்றி அவருடைய மாணாக்கர் புதோவ்கின் எழுதியிருக்கிறார். உணர்ச்சியற்றிருந்த ஒரு நடிகனின் முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கு அடுத்து ஒட்டியபொழுது பார்த்தவர்கள் அதில் சிந்தனையை உணர்ந்தனர். சவப்பெட்டிக்கு அடுத்து அதே முகத்தை ஒட்டியபொழுது ஆழ்ந்த துயரத்தைக் கண்டு நடிகனைப் புகழ்ந்தனர். முகத்தில் இல்லாததை இரண்டு துண்டுகளுக்கு இடையிலிருந்து பார்வையாளரே உண்டாக்கிக்கொண்டனர். உளவுப் படத்தின் சந்தேகமும் இவ்வாறே நம்மால் உண்டாக்கப்படுகிறது. நாமே உண்டாக்கிக்கொண்டது என்பதனாலேயே அதனை நாம் உறுதியாக நம்பவும் செய்கிறோம்.

அல்பிரட் ஹிட்ச்கொக் இதற்கு மேலும் ஒரு விளக்கம் தந்தார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது எவருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குச் சில கணங்கள் அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி இருப்போருக்குத் தெரியாமல் இருந்தால் பல நிமிடங்கள் தவிப்பு என்பது அவர் கருத்து. அதாவது, தவிப்பு என்பது அறிவைப் பங்கிடும் முறையிலிருந்து பிறக்கிறது. 1935 இல் அவர் எடுத்த 'த தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' என்னும் ஒற்றர் படத்தில், பிணத்தைக் கண்ட பெண் அலற வாய் திறக்கிறாள். நம் காதில் விழுவதோ, சுரங்கத்திலிருந்து வெளிப்படும் புகையிரதத்தின் கூவல். அந்த வண்டியில், செய்யாத கொலைக்குப் பழி சுமந்த ஒருவன் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான். இங்கே ஒலி நம்மைத் துரத்துவோரின் பக்கம் சேர்க்கவில்லை, துரத்தப்படுபவனோடு பிணைக்கிறது. ஆகவே, பதைப்பை உண்டாக்கும் கருவிகள் எப்பொழுதும் ஒரே திசையில் வேலை செய்யவேண்டும் என்ற விதி இல்லை. திசையைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள்.

அந்தத் தீர்மானத்துக்குச் சரித்திரப் பின்னணி உண்டு. ஜேம்ஸ் பொண்ட் வரிசையின் முதற்படமான 'டொக்டர் நோ' 1962 ஒக்டோபரில் வெளிவந்தது. கதை நிகழும் ஜமேக்கா, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றிருந்தது. கொடி இறக்கப்பட்ட தீவுக்குத் திரையிலே ஓர் ஆங்கிலேய ஒற்றர் வந்து, ஒழுங்கை நிலைநாட்டுகிறார். அவருடைய எதிரி சீன, ஜெர்மானியக் கலப்பினத்தவன். சென்னையும் பின்தங்கவில்லை. 1966 இல் மொடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' போன்ற படங்கள் ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட் என்ற பட்டத்தைத் தேடிக்கொடுத்தன. உடையும் துப்பாக்கியும் மேளமும் கடன் வாங்கப்பட்டபொழுது, 'வேற்றான் ஆபத்தானவன்' என்ற மனோபாவமும் உடன் வந்து சேர்ந்தது.

மெய்யான உளவுத்தொழில் எவ்வளவு சத்தமற்றது என்பதற்கு மாத்தளையின் அயலிலேயே சான்றுண்டு. 1944 இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் கண்டிக்கு மாறி, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இயங்கிற்று. அமெரிக்க உளவு நிறுவனமாகிய ஓ.எஸ்.எஸ். கண்டியில் ஒரு நிலையம் வைத்திருந்தது. பிற்காலத்தில் சமையற்கலை ஆசிரியையாகப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அங்கே இரகசிய ஆவணங்களைப் பதிந்து பேணும் வேலையைச் செய்தார். கோவைகளும் தட்டெழுத்தும் காத்திருத்தலுமே அந்தத் தொழிலின் பெரும்பகுதி. திரையில் நாம் கேட்கும் மேள முழக்கம் தொழிலுக்கு உரியதன்று, நமக்காகச் சேர்க்கப்பட்டது.

இதே போர்க்காலத்தைத் தமிழ்த்திரை ஒருமுறை மிகுந்த நேர்மையோடு கையாண்டது. ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, 1954 இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தைத்தான் குறிப்பிடுகிறோம். பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாமல் தமிழ்ப்படமே இல்லை என்றிருந்த காலத்தில், மூன்றையும் விலக்கி வந்த படம் அது. ஜப்பானியர் 1943 இல் சென்னையில் குண்டு வீசிய நாட்களே அதன் களம். சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியியலாளர் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கிறார். கொன்றவர் யார் என்று துப்பறிவோரிடம் ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைப் பற்றிச் சொல்கின்றனர். ஒவ்வொருவருடைய சந்தேகமும் வேறொருவர் மேல் விழுகிறது. இறுதியில் தெரியவருவது, அந்த மனிதர் எதிரிக்கு உளவு சொன்னவர் என்பதும், பண்டரிபாய் நடித்த நாட்டுப்பற்று மிக்க மனைவியின் கைத்துப்பாக்கியே அவரை வீழ்த்தியது என்பதும்.

மாருதி ராவின் ஒளிப்பதிவு அப்படத்தில் ஒளியையும் நிழலையும் எவ்வாறு பயன்படுத்திற்று என்பது நமது கேள்விக்கு நேரடியாகப் பயன்படுவது. ஒருவர் சொல்லும்பொழுது ஒளியில் நின்ற முகம், மற்றொருவர் சொல்லும்பொழுது நிழலுக்குள் போகிறது. நிழல் எந்த ஒரு முகத்துக்கும் பட்டயமாக எழுதிக் கொடுக்கப்படவில்லை. அது கைமாறிக்கொண்டே இருக்கிறது. பாட்டு இல்லாததால், எப்பொழுது எதனை உணரவேண்டும் என்று நமக்கு ஆணையிடுவாரும் குறைவு. குற்றவாளி அயல்நாட்டான் அல்லன், வேற்றினத்தான் அல்லன். படித்தவர், திறமைசாலி, எல்லோருக்கும் மேலாக அக்காலத்து மக்களின் அபிமான நடிகர். தமது திறமை மதிக்கப்படவில்லை என்ற அவருடைய மனக்குறையையும் படம் நமக்குச் சொல்லுகிறது; சொல்லிவிட்டு, அதனால் துரோகம் நியாயமாகிவிடாது என்றும் காட்டுகிறது. இங்கே பதைப்பு நமது தீர்ப்பைப் பறித்துக்கொள்ளவில்லை. அவசரத் தீர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுமாறு நம்மைப் பழக்குகிறது.

அண்மைக்காலத்தில் ஈழத்தமிழரைப் பொருளாகக்கொண்ட உளவுக் கதைகள் இந்தியாவிலிருந்து வந்தன. 2013 இல் வெளியான 'மெட்ராஸ் கபே' எதிர்ப்பின் காரணமாகத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவில்லை. 2021 இல் 'த பமிலி மேன்' தொடரின் இரண்டாம் பாகத்தைத் தடைசெய்யுமாறு தமிழ்நாட்டு அரசு மத்திய அரசைக் கேட்டது. அந்தத் தொடரில் வரும் ஈழப்பெண்ணுக்குத் துயரமான கடந்தகாலம் தரப்பட்டிருந்தது என்பதையும், அந்த வேடத்தில் நடித்தவரின் உழைப்பைப் பலர் பாராட்டினர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால், அவ்வேடத்துக்காக நடிகையின் முகம் கருமையாக்கப்பட்டதைப் பலர் கண்டித்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆபத்தானவள் என்று காட்டுவதற்கு முகத்தின் மீது விழும் நிழல் போதாமல், முகத்தின் நிறத்தையே நிழலாக்கும் முயற்சி இது என்று அவர்கள் கருதியதில் நியாயம் உண்டு. அந்த நிறத்தோடு பிறந்தவர்கள் கோடிக்கணக்கானோர்.

இதில் என்ன பெருங்கேடு, வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பார்ப்பவர் முட்டாள் அல்லர், திரைக்கும் தெருவுக்கும் வேறுபாடு அறிவார் என்பது அவர்கள் வாதம். வேறொரு நாட்டில் இந்த வாதத்துக்கு நாம் தலைவணங்கியிருப்போம். நமது நாட்டின் சரித்திரம் நம்மை அவ்வாறு செய்யவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இந்த மலைகளைத் தம் உழைப்பால் பசுமையாக்கியவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியராயினர். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் முதலில் தற்காலிகம் என்று வந்து, 1982 இல் நிரந்தரமாயிற்று. சந்தேகத்தின் பேரில் ஒருவரை வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. அந்தக் காலம் 12 மாதங்களாகக் குறைவதற்கு 2022 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில் வடக்கில் ஒரு காட்சி மக்களுக்குப் பழக்கமாயிற்று. சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள் வரிசையாக நடத்தப்படுவார்கள். முகத்தை மூடி, கண்களுக்கு மாத்திரம் இரண்டு துளைகள் வைத்த ஒருவர் அவர்கள் முன் நிறுத்தப்படுவார். அவர் தலையை அசைத்தால் அந்த ஆள் ஒருபுறம் ஒதுக்கப்படுவார். மக்கள் அவருக்குத் 'தலையாட்டி' என்று பெயரிட்டனர். 1987 முதல் 1989 வரையிலான கொடிய ஆண்டுகளில் தெற்கின் சிங்கள இளைஞர்களும் இதே முகமூடியின் முன் நிறுத்தப்பட்டனர். அவர்கள் மொழியில் அவருக்குக் 'கோணி பில்லா' என்று பெயர். சந்தேகத்துக்கு இனம் தடையாக இருக்கவில்லை. ஏழ்மையும் இளமையும் அதற்குப் போதுமாயிருந்தன. அந்த இரண்டு துளைகளின் வழியே பார்த்த பார்வைக்கும், புதருக்குள் வைத்த கமராவின் பார்வைக்கும் உறவில்லை என்று எவ்வாறு சொல்வது? இரண்டும் தம்மை மறைத்துக்கொண்டு பார்க்கின்றன. இரண்டும் பார்க்கப்படுபவனைப் பேசவிடுவதில்லை. ஒன்றில் உயிர் போயிற்று, மற்றொன்றில் போகவில்லை என்பது பெரிய வேறுபாடுதான். அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், முன்னதைச் சகித்துக்கொள்ளும் மனத்தைப் பின்னது பழக்கித் தருமானால், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

மற்றொரு வாதம், கருவி நடுநிலையானது என்பது. கத்தி கனியையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். கமராவும் அவ்வாறே என்பர். கருவியைப் பொறுத்தவரை இது சரியே. சற்றுமுன் நாமும் அதைத்தான் சொன்னோம். ஆனால், ஒரு காட்சி எடுத்து முடிந்த பிறகு அதில் நடுநிலை மிஞ்சுவதில்லை. கமரா எங்கேயாவது நின்றாக வேண்டும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்தாவது விழுந்தாக வேண்டும். நின்ற இடத்துக்கு நிறுத்தியவர் பொறுப்பாளி. அவருக்கு அடுத்தபடியாக, அந்த இடத்தில் விருப்பத்தோடு போய் நின்ற நாமும் பொறுப்பாளிகள்.

அப்படியாயின் பதைப்பையே துறந்துவிட வேண்டுமா? வேண்டாம். தடை கோருவதும் தீர்வாகாது. தடைசெய்யும் அதிகாரம் எந்தக் கைகளில் இருக்கிறதோ, சந்தேகிக்கும் அதிகாரமும் அதே கைகளில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஓர் உரைகல். சந்தேகிக்கப்பட்டவனின் கண்மட்டத்துக்குக் கமரா ஒருமுறையாவது இறங்குகிறதா? அவன் முகத்தில் ஒளி விழும் கணம் ஒன்று உண்டா? அவனுடைய மூச்சை நாம் கேட்கிறோமா? இந்த மூன்றுக்கும் 'இல்லை' என்பதே விடையானால், அந்தப் படம் எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டிருந்தாலும், அது கலையின் வேலையை விட்டுக் காவல் நிலையத்தின் வேலையைச் செய்கிறது.

இந்த உரைகல்லில் தேறும் உளவுப் படங்கள் உண்டு. கொப்போலாவின் 'த கொன்வர்சேஷன்' (1974) படத்தில், ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் ஒரு வாக்கியத்தை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்கிறான். எந்தச் சொல்லின் மேல் அழுத்தம் விழுகிறது என்பதைத் தவறாகக் கேட்டதனால், கொல்ல இருப்பவர்களைக் கொல்லப்பட இருப்பவர்கள் என்று கருதிவிடுகிறான். கருவி துல்லியமாகவே பதிந்தது. கேட்டவனின் மனம்தான் பிழைத்தது. 2006 இல் வந்த ஜெர்மானியப் படமான 'பிறரின் வாழ்வு', பரணில் அமர்ந்து ஓர் எழுத்தாளரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் அதிகாரி, கேட்டுக்கேட்டே மனம் மாறுவதைக் காட்டிற்று. அப்படி ஓர் அதிகாரி மெய்யாக இருந்ததில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. ஆயினும், பிறர் குரலை நெடுநேரம் கேட்பவன் அவர்களைத் தொடர்ந்து வெறுக்க இயலாது போகலாம் என்ற உண்மையை அது நமக்கு விட்டுச்சென்றது. இரண்டு படங்களிலும் பதைப்புக்குக் குறைவில்லை. அந்தப் பதைப்பு பார்க்கப்படுபவனோடு நில்லாமல், பார்ப்பவன் மேலும் திரும்புகிறது.

இந்த இதழைப் படிப்போரில் ஆசிரியர்களும் மாணவர்களும் மிகுதி என்பதனால் ஒரு யோசனையோடு முடிக்கிறோம். மாணவர் விரும்பிப் பார்க்கும் உளவுப் படத்திலிருந்து ஐந்து நிமிடக் காட்சியொன்றை வகுப்பில் ஒலியின்றிக் காட்டுங்கள்; பிறகு திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்யுங்கள். அச்சம் எங்கே குடியிருந்தது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து, அதே காட்சியைச் சந்தேகிக்கப்பட்டவனின் வாய்மொழியாக எழுதச் சொல்லுங்கள். இன்று கைத்தொலைபேசியே கமராவாக இருப்பதால், மூன்றாவது பயிற்சிக்கும் செலவில்லை: தம் தோழர் ஒருவர் பாதையில் நடந்து வருவதை இரண்டு விதமாகப் படம்பிடிக்கச் சொல்லுங்கள், ஒருமுறை நாம் அவர் பொருட்டு அஞ்சவேண்டும், மறுமுறை அவரைக் கண்டு அஞ்சவேண்டும். தன் தோழனின் முகத்தை ஒரு மாலைக்குள் குற்றவாளியின் முகமாக மாற்றமுடிந்ததைக் கண்ட மாணவன், பிறர் மாற்றித் தரும் முகங்களைக் கேள்வி கேட்காமல் ஏற்கமாட்டான்.